எழுதி வாங்கும் அண்ணாச்சி

எங்கள் அண்ணாச்சி யாரிடமும் ஓசியில் ஒரு டீ குடித்தவர் அல்ல. கையெழுத்தை மட்டும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் வாங்குவார். சட்டைப் பையில் நாலு பேனா இருக்கும். நாலும் மற்றவர்களுக்கு. அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இன்றுவரை தெரியாது. தமிழா இங்கிலீஷா, நேரா கோணலா, கடவுளுக்கே வெளிச்சம். கம்பெனி அவருடைய சம்சாரத்தின் பேரில் இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் அந்த அம்மா வண்ணார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வருவார்கள். அண்ணாச்சி பக்கத்தில் நின்று விரலால் இடம் காட்டுவார். காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

"எழுதி வாங்கியாச்சா? அப்பம் நம்ம தலையில இல்ல." இதுதான் அவருடைய வேதம். வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, நாய் கடித்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் நாயே கிடையாது. "இன்னைக்கு இல்ல. நாளைக்கு வந்துட்டுன்னா?" என்றார் அண்ணாச்சி. நான் சேர்ந்த அன்று மூன்று தாளில் கையெழுத்துப் போட்டேன். முதல் இரண்டில் என்ன இருந்தது என்று மறந்துவிட்டது. மூன்றாவது, முதல் இரண்டையும் முழு மனத்தோடுதான் போட்டேன் என்பதற்கு.

பேட்டைக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அவ்வளவுதான் கம்பெனி. உள்ளே பதினான்கு பெண்கள் உட்கார்ந்து எலக்ட்ரானிக் கார்டுகளுக்கு ஈயம் வைப்பார்கள். சூட்டுக்கோலில் ஈயக் கம்பியை உருக்கி, கார்டில் செருகிய சாமான்களின் கம்பிக் காலை ஒவ்வொன்றாக ஒட்டுகிற வேலை. வாழைக்கும் வயலுக்கும் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டின் ஸ்டார்ட்டருக்கு ஒரு கார்டு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சேரன்மகாதேவி வரைக்கும் அதற்கு ஆள் உண்டு. இன்னொன்று எல்இடி விளக்குக்கானது, தகரப் பெட்டிக்குள் அடைத்துக் கப்பலில் வெளிநாட்டுக்குப் போகும். நான் அங்கே 'குவாலிட்டி', சரக்கின் தரம் பார்க்கிறவள். பாலிடெக்னிக் படித்திருந்தேன், கையெழுத்து அழகாக இருக்கும். இரண்டாவது தகுதியைத்தான் அண்ணாச்சி பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

இசக்கி என்று ஒருத்தி இருந்தாள். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி மகள், பேட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவள் கை வேகம் வேறு யாருக்கும் வராது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஏங்கி ஏங்கி, அப்போதுதான் மூன்று மாதம். அவள் அண்ணாச்சியிடம் கேட்டது சம்பள உயர்வு இல்லை, லீவு இல்லை. உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து ஆறடி தள்ளி இருக்கிற பெஞ்சுக்கு மாற வேண்டும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக. அந்த ஆறடிக்கு அவள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமென்றால், இரண்டு பெஞ்சு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

விளக்குக் கார்டு வாங்க இருந்த வெளிநாட்டுக்காரனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எலக்ட்ரானிக் சாமான்களில் இன்னின்ன நச்சுப் பொருள் இந்த அளவுக்கு மேல் இருக்கக் கூடாது, அவர்கள் ஊர்ச் சட்டம், இருந்தால் சரக்கு திரும்பி வரும். நான் பட்டியலை உரக்க வாசித்தேன். காரீயம், பாதரசம், காட்மியம், ஒரு வகைக் குரோமியம், அப்புறம் பிளாஸ்டிக்கில் தீப் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற, வாயில் நுழையாத இரண்டு. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ரவுடிப் பட்டியல் கேட்கிற இன்ஸ்பெக்டர் மாதிரிக் கேட்டார்.

"மொத்தம் ஆறு பேரு. இதுல நமக்குத் தெரிஞ்சவன் எத்தன பேரும்மா?"

"காரீயம் ஒண்ணுதான் அண்ணாச்சி. நம்ம ஈயக் கம்பியில பத்துக்கு நாலு பங்கு அதுதான்."

"அவன் நம்ம ஆளுல்லா! இருவது வருசமா கூடக் கெடக்கான். எங்கன போகச் சொல்ல?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். "சரி, மத்த அஞ்சு பேரும்?"

"பெயிண்டுல, வயருல, ஸ்க்ரூவுக்குப் போடுத முலாம்ல இருந்தாலும் இருக்கும். சோதிச்சுப் பாக்கணும்."

"சோதிக்காண்டாம். எழுதி வாங்கு."

வாங்கினேன். ஸ்க்ரூ கடை, வயர் கடை, பெயிண்ட் கடை என்று டவுன் முழுக்க அலைந்து வாங்கினேன். அட்டைப்பெட்டி செய்கிறவர் பாளையங்கோட்டைக்காரர். தாளை வாசித்துவிட்டு அண்ணாச்சிக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அண்ணாச்சி, அட்டைப்பெட்டியில பாதரசம் கலக்கலன்னு எழுதித் தரணுமாமே. பாதரசத்துக்கு நான் எங்கன போவேன்? பசை வாங்கவே காசு இல்ல."

"அதத்தான் எழுதிக் குடும்ங்கேன்."

"பசைக்குக் காசு இல்லன்னா?"

"பாதரசம் இல்லன்னு, வே!"

தண்ணீர்க் கேன் போடுகிறவர் கேனில் காட்மியம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். காட்மியம் என்பது ஒரு கம்பெனித் தண்ணீரின் பெயர் என்று அவர் நினைத்திருந்தார். டீக்கடைக்காரர் மட்டும் மறுத்துவிட்டார். "என் டீயில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நான் எப்படிச் சத்தியம் பண்ண?" என்று கேட்டார். அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் யோக்கியர் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. கொஞ்ச காலம் கழித்துப் பட்டியலில் இன்னும் நாலு பொருள் சேர்ந்தது. "நாலு பேரு புதுசா உள்ள வந்திருக்கானுவளாம், எழுதி வாங்கு" என்றார். மறுபடியும் ஒரு சுற்று அலைந்தேன்.

இப்படிச் சேர்ந்த தாளெல்லாம் பதினோரு ஃபைல் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனியின் சார்பில் ஒரே ஒரு தாள்: எங்கள் பொருளில் இவை எதுவும், எங்களுக்குத் தெரிந்தவரை, வரம்புக்கு மேல் இல்லை. 'எங்களுக்குத் தெரிந்தவரை' என்ற அந்தச் சொல்லை நான் சேர்த்தபோது அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "எம்மா, இதைக் கண்டுபிடிச்சவனுக்குக் கோயிலே கட்டலாம்மா" என்றார். அடியில் கையெழுத்து என்னுடையது. அவர் பேனா, என் கை.

ஆனாலும் காரீயத்தைத் தாளால் மறைக்க முடியவில்லை. வாங்குகிறவன் சோதனைக்கு ஆள் அனுப்புவான், அந்த ஆள் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கும், பொருளின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எண்ணாகவே காட்டிவிடும் என்று தெரிந்ததும், அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காரீயம் இல்லாத கம்பி வாங்கினார். விலை அதிகம், உருகச் சூடும் அதிகம், வைத்தால் பளபளப்பும் வராது. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பழைய கம்பி வெண்ணெய் மாதிரி ஓடும்.

"எம்மா, நம்ம ஊருலயும் இந்த மாதிரிச் சட்டம் உண்டும்லா, அந்தப் பட்டியல்ல பம்பு ஸ்டார்ட்டரு இருக்கா?" என்று கேட்டார். நான் பார்த்த பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் அதுக்குப் பழைய கம்பியே கெடக்கட்டும். ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காரன் ஸ்டார்ட்டரத் திங்கவா போறான்?"

இப்படித்தான் ஷெட்டின் நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்றுமதிப் பெஞ்சு, எட்டுப் பேர். புகை உறிஞ்சும் குழாய், கையுறை, சோப்பு வைத்த தனி வாஷ்பேசின் எல்லாம் உண்டு, ஏனென்றால் சோதனைக்காரர் வந்தால் போட்டோ எடுப்பார். இந்தப் பக்கம் உள்ளூர்ப் பெஞ்சு, இசக்கியோடு சேர்த்து ஆறு பேர், ஒரு மின்விசிறி. சுற்றும்போது கொக்கி கிறீச்சிடும். இந்தப் பக்கத்துக் குழாயில் சோப்பு இல்லை. போட்டோவில் அந்த இடம் வராது.

முதல் ஏற்றுமதிச் சரக்கு தயாரானபோது சரியாக ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்தாயிற்று, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. முதன்முதலாகக் கடல் தாண்டிப் போகிற சரக்கு அல்லவா? எண்ணூறு தகரப் பெட்டியிலும் மோதிர விரலால் குங்குமம் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் "முருகா" என்று சொல்லி வைத்தார். அவர் கைப்பட்டு அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே போக இருந்தது அது ஒன்றுதான்.

சோதனைக்காரர் சென்னையிலிருந்து வந்தார். பெட்டியைத் திருப்பி, துப்பாக்கியை வைத்து அழுத்தினார். காரீயம், சிவப்பு எழுத்தில். இன்னொரு பெட்டி, அதிலும் காரீயம். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பழைய கம்பி கலந்துவிட்டதா, யார் செய்தது, எங்கே தப்பு? தாளில் இருப்பது என் பெயர். வியர்வையில் கை வழுக்கி ஒரு பெட்டியைத் தடவிவிட்டேன். பொட்டு அழிந்தது. சோதனைக்காரர் அழிந்த இடத்தில் வைத்தார். ஒன்றும் இல்லை. பொட்டு இருக்கிற பெட்டியில் வைத்தார். காரீயம்.

"சார், இந்தக் குங்குமம் எங்க வாங்கினது?" என்றார்.

மலிவான குங்குமத்தில் நிறத்துக்காகக் காரீயச் செந்தூரம் கலப்பதுண்டாம். பதினோரு ஃபைலில் ஊரையே எழுதி வாங்கியவர், பூஜைச் சாமான் கடையில் மட்டும் எழுதி வாங்காமல் விட்டுவிட்டார். அன்றைக்கே ஆளனுப்பாமல் அவரே போனார். நானும் போனேன், பேனா பிடிக்க. கடைக்காரர் தாளைக் கையாலும் தொடவில்லை.

"அண்ணாச்சி, இது சாமிக்குப் போடுதது. சாமி எந்த நாட்டுக்கும் ஏத்துமதி ஆவல."

மத்தியானச் சோறு இல்லாமல் பதினான்கு பேரும் உட்கார்ந்து எண்ணூறு பொட்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். எல்லோர் நெற்றியிலும் அதே குங்குமம். துடைத்துக்கொண்டே இசக்கி கேட்டாள்: "ஏக்கா, பெட்டியில இருந்தா ஆவாது, நெத்தியில இருந்தா ஆவுமா?" எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். துப்பாக்கி அங்கேயே மேஜைமேல் கிடந்தது. நெற்றியை அளக்கச் சொல்லி யாரும் சோதனைக்காரருக்கு ஆர்டர் கொடுக்கவில்லை.

சரக்கு போயிற்று. அடுத்த வருகைக்கு முன்னால் சோதனைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். தொழிலாளர்களுக்கு இந்தப் பொருள்களின் கெடுதல் பற்றி அவர்கள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றால் அண்ணாச்சிக்குச் சர்க்கரைப் பொங்கல். "எம்மா, தமிழ்ல அழகா எழுதி, பிளாஸ்டிக் போட்டு ஒட்டு. கீழ ஒரு ரிஜிஸ்டரு. படித்துப் புரிந்துகொண்டேன்னு பதினாலு கையெழுத்து."

எழுதினேன். காரீயம் பற்றி எழுதும்போது புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன்: கையிலிருந்து சோற்றோடு வயிற்றுக்குள் போகும்; ரத்தத்தில் சேரும்; கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பதின்மூன்று பேர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி பலகையை வாசித்துவிட்டுத்தான் போட்டாள். சோதனைக்காரர் பார்ப்பதற்காக மாட்டிய பலகையை இங்கே ஒருத்தி வாசித்துவிடுவாள் என்று அண்ணாச்சியும் நினைக்கவில்லை, எழுதிய நானும் நினைக்கவில்லை.

மறுநாள் இசக்கி என் மேஜைக்கு வந்தாள். "எக்கா, நாளு தள்ளிப் போயிருக்கு. மூணு மாசம். யாருட்டயும் சொல்லல. என்னைய அந்தப் பெஞ்சுக்கு மாத்தச் சொல்லுதியளா?"

நான் துள்ளிக் குதித்து அண்ணாச்சி அறைக்குப் போனேன். ஆறடி தூரம்தானே, என்ன பெரிய விஷயம்? இங்கே ஒருத்தியை எடுத்து அங்கே வை, அங்கே இருப்பவளை இங்கே வை. இப்போது நினைத்தாலும் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அங்கே இருப்பவள் இங்கே வர வேண்டும் என்பது அப்போது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். நிஜமாகவே. "ஆறு வருசங்கழிச்சா? முருகா!" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "மாத்த முடியாதும்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"பைய யோசி. நான் அவள மாத்துனா என்ன அர்த்தம்? இந்தப் பெஞ்சுல தீங்கு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும்லா? மிச்சம் அஞ்சு பேரும் நாளைக்கு வந்து நிப்பாளுவ. இருக்குன்னு தெரிஞ்சே உக்காத்தி வச்சிருக்கான்னு பேச்சு வரும். மாத்தாம இருந்தா நமக்குத் தெரியாது. மாத்துனா தெரிஞ்சதாயிரும்."

'எங்களுக்குத் தெரிந்தவரை' என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவளே நான்தானே!

அவர் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தால் அதுவும் தப்பு. வாட்ச்மேனை லாரி இடித்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வராந்தாவில் நின்றவர் அவர்தான். ரத்தம் வேண்டும் என்றார்கள். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய்ப் படுத்தார். எழுந்து வந்ததும் நர்ஸ் ஒரு தாளை நீட்டி, ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும், ஊரிலிருந்து ஆள் வருவதற்குள் நீங்கள் போடுங்கள் என்றாள். அண்ணாச்சி டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். வாட்ச்மேனின் மகள் சேரன்மகாதேவியிலிருந்து பஸ் பிடித்து வந்து போட்ட பிறகுதான் ஆளைக் காணக் கிடைத்தது. கையில் வாட்ச்மேனுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அவர் ஏன் அப்படி ஆனார் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எதையும் நான் நம்பவில்லை. ரத்தம் கேட்டால் தருவார், பேர் கேட்டால் தரமாட்டார், அவ்வளவுதான் நான் கண்டது.

இசக்கியிடம், அண்ணாச்சி யோசிக்கிறார் என்று சொன்னேன். மூன்று வாரம் அதையே சொன்னேன். அவள் வீட்டிலிருந்து சோப்புத் துண்டு கொண்டு வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள். அப்படியும் மனசு ஆறாமல் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தாள். தயிர்ச் சாதத்தை ஸ்பூனில் சாப்பிடுகிறாளே, துரைசாணி என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். வேலையை விட்டுவிடேன் என்று ஒருநாள் சொன்னேன். "விட்டுட்டு? அவரு மார்க்கெட்ல வாழைத்தாரு தூக்குதாரு. தாரு வந்தாத்தான் கூலி" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. இருந்து என்ன செய்ய? அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

நாலாவது வாரம் அண்ணாச்சியே அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் நான் டைப் செய்த தாள். என் சொந்த விருப்பத்தின் பேரிலேயே உள்ளூர்ப் பெஞ்சில் வேலை செய்கிறேன், எனக்கோ என் குடும்பத்துக்கோ பின்னால் ஏற்படும் எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல. ஆமாம், நான்தான் டைப் செய்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு முறைக்கு" என்று பேனாவை நீட்டினார்.

இசக்கி தாளை முழுவதும் வாசித்தாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

"போடுதேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால நீங்க ஒரு தாள்ல எழுதித் தாங்க. இந்தப் பெஞ்சுல இருக்க ஈயம் எம் பிள்ளைய ஒண்ணும் செய்யாதுன்னு. கீழ உங்க கையெழுத்து. அத வச்சுக்கிட்டு நான் நிம்மதியா உக்காந்து வேல பாக்கேன்."

கம்பெனிக்குள் அண்ணாச்சியிடம் அதுவரை யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது. பிறகு அந்தப் பேனா பைய என் பக்கம் திரும்பியது.

"எம்மா, குவாலிட்டி நீதான? நீ எழுதிப் போட்டுக் குடு. எங்களுக்குத் தெரிந்தவரைன்னு சேத்துக்க."

இசக்கி என்னைப் பார்த்தாள். வெளியே பலகையில் காரீயம் பற்றி எழுதியிருப்பது என் கையெழுத்து. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். முடியாது அண்ணாச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. வாயில் வந்தது வேறு ஒன்று.

"அண்ணாச்சி, அதில்ல விஷயம். இந்தப் பெஞ்சு கை தொட்ட கதவைத்தான் அந்தப் பெஞ்சுப் பிள்ளைகளும் தொடுதாங்க. ஒரே டீத் தட்டு, ஒரே ஸ்டூலு. இவங்க கையிலருந்து ஏத்துமதிக் கார்டுல காரீயம் ஏறுனா என்ன செய்ய? ஒரு பொட்டையே அந்தத் துப்பாக்கி கண்டுபிடிச்சுட்டுல்லா."

அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரக்கு திரும்பி வந்துருமோ?"

"வரலாம்."

"இத ஏம்மா முன்னாலயே சொல்லல?" என்று கத்தினார். "எழுது! இப்பமே எழுது!"

எழுதினேன், அவர் சொல்லச் சொல்ல. அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்காக நாலு வாரமாக நகராத பெஞ்சு, கார்டுக்காக மூன்று நாளில் இல்லாமல் போய், அந்த இடத்தில் புதுசு வந்தது. பழைய ஈயக் கம்பிச் சுருளெல்லாம் மூட்டை கட்டி வெளியேறியது. வாங்கினவரிடம், வாங்கிக்கொண்டேன் என்று எழுதி வாங்கினார். இரண்டு பக்கமும் சோப்பு வந்தது. சோப்பு பெற்றுக்கொண்டதற்குப் பதினான்கு கையெழுத்து. ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காரருக்கும் அன்றையிலிருந்து காரீயம் இல்லாத ஸ்டார்ட்டர். அது அவருக்குத் தெரியவும் தெரியாது. மஞ்சள் கோட்டைத் தின்னர் ஊற்றித் துடைத்தார்கள், முழுசாகப் போகவில்லை.

பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்தது, பெண் பிள்ளை. பயந்துகொண்டு வாசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்து, பிள்ளையைத் தூக்கி வைத்துக் கண் கலங்கினாராம். கொலுசு பெற்றுக்கொண்டதாக அவள் புருஷனிடம் எழுதியும் வாங்கிக்கொண்டாராம்.

எனக்கு மறக்காதது அதற்கெல்லாம் முன்னால், பெஞ்சு மாறிய நாலாவது நாள். சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். இசக்கி புதுப் பெஞ்சில் உட்கார்ந்து சூட்டுக்கோலின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பாராட்டு வாங்கத்தான் போனேன், வேறென்ன?

"எப்படிட்டி நம்ம ஐடியா?" என்றேன். நான் எழுதிய தாளின் நகலை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து வாசித்தாள். உள்ளூர்ப் பெஞ்சில் பணிபுரிவோரின் கைகள் மூலம் ஏற்றுமதிப் பொருள் மாசுபடும் அபாயம் இருப்பதால், அப்பெஞ்சில் காரீயப் பயன்பாடு உடனே நிறுத்தப்படுகிறது. கீழே என் கையெழுத்து. வழக்கம்போல இரண்டு தடவை வாசித்தாள்.

"எம் பிள்ள இதுல எங்கன இருக்குக்கா?"

"பிள்ளைன்னு எழுதினா அண்ணாச்சி செஞ்சிருப்பாராட்டி?"

"செய்யமாட்டாரு. அது தெரியும்." தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க எழுதிப் பாத்தியளான்னுதான் கேட்டேன்."

நான் எழுதிப் பார்த்திருக்கவில்லை.